செவ்வாய்க்கிழமைகள்

படிவத்தில் ஒரு கேள்வி:
ஏன் சேர விரும்புகிறீர்கள்?
காலியாக விட்டேன்.
மண்ணெண்ணெய் அடுப்புக்காக என்று எழுதக்
கூச்சமாக இருந்தது.

வல்திவியாவில் மழைக்காலம்.
என் வாடகை அறைச் சுவரில்
தலையணை அகலத்துக்குப் பூஞ்சை.
கணக்கியல் புத்தகம் நமத்துப்போய்
மூடினாலும் மூடாது.
வனவியல் துறையின் மூன்றாம் மாடியில்
ஒரே ஒரு ஜன்னல் மட்டும்
ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.
கதவில் தாள்:
வானியல் சங்கம். செவ்வாய்தோறும் மாலை ஏழு.
ஆண்டுச் சந்தா இரண்டாயிரம் பேசோ.
விறகு அதைவிட விலை.

ஏழு பேர் இருந்தார்கள்.
ஒருவரும் மழையங்கியைக் கழற்றியிருக்கவில்லை.
நிபால்தோ, கால்நடை மருத்துவம், நான்காம் ஆண்டு,
பிறந்த கன்றின் மூக்கைத் துடைப்பவன் போலத்
தொலைநோக்கியின் கண்வில்லையைத்
துடைத்துக்கொண்டிருந்தான்.
அதிலும் பூஞ்சை, ஐந்து கால் விரித்து.
"இந்த வருஷம் நாங்கள் பார்த்த
முதல் நட்சத்திரம்" என்று
என்னிடம் நீட்டினான்.

சங்கத்துக்கு ஒரு நோட்டு உண்டு.
வானத்தின் நிலை, பார்த்தவை என்று
இரண்டு பத்தி கோடு போட்டது.
மே 14: மேகம்.
மே 21: மேகம். ஓதிலியாவுக்கு இருமல்.
மே 28: மழை. நிபால்தோ சொபைபியா பொரித்தான்,
பூசணி போதவில்லை.
ஜூன் 4: மேகம்.
வலப்பக்கம் முழுக்க வெள்ளை.
வரவே இல்லாத பேரேட்டை
அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கூடுகிறவர்களில்
செவ்வாயைப் பார்த்தவர்கள் மூன்றே பேர்.
அதிலும் ஒருத்தருக்குச் சந்தேகம்,
மீன் சந்தை விளக்காகவும் இருக்கலாமாம்.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்
காதையும் கொண்டுவந்திருந்தேனே,
என்ன செய்ய.
ரயேன் ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு
சொல்லிக்கொண்டே போவாள்:
இப்போது நூலகத்துக்கு மேலே
தேள் ஏறுகிறது,
கொடுக்கு இன்னும் மரங்களுக்குள்.
அண்ணாந்தேன்.
ஓதம் கட்டிய கூரை.
அந்தக் கறையில்
ஒரு தேள் இருக்கத்தான் இருந்தது.

ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்,
புயல்.
எங்கோ ஒரு மரம் மின்கம்பிமேல் சாய,
ஊர் மொத்தமும் அணைந்தது.
பாலத்தை மூடிவிட்டார்கள்.
மழையங்கிகளை விரித்து
அங்கேயே படுத்தோம்.
மூன்று மணிக்கு
எங்களை எழுப்பியது சத்தமல்ல,
சத்தம் நின்றதுதான்.
பிறகு ஆற்றிலிருந்து
கடற்சிங்கம் ஒன்று குரைத்தது.

தொலைநோக்கி அலமாரியில்.
அலமாரிச் சாவி நிபால்தோவின் சட்டைப்பையில்.
நிபால்தோ ஓசோர்னோவில்,
ஈனப்போகும் குதிரைக்குத் துணையாக.
அவனைத் திட்டிக்கொண்டே
காலுறையோடு முற்றத்துக்கு ஓடினோம்.

எண்ணுவதுதான் என் படிப்பு.
எண்ணவில்லை.
கழுத்து வலித்தது, அது தெரியும்.
அப்போதுதான் தெற்கே,
பைன் மரங்களுக்கு மேலே,
சாம்பலாய் ஒரு திட்டு.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
"வந்துவிட்டது பார், சனியன்,
மறுபடி மேகம்!"
கத்தியேவிட்டேன்.

ரயேன் சிரித்த சிரிப்பில்
அவள் மழையங்கி சலசலத்தது.
"அது நகராது, இஸ்மேனியா. நின்று பார்.
மெகல்லன் மேகங்கள், பெரியதும் சிறியதும்.
பெரியதிலிருந்து வெளிச்சம் வந்துசேரவே
ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷம் ஆகும்.
உன் போர்வையை நனைக்க
அதற்கு நேரம் இல்லை."

கால் மணி நேரம் இருந்திருக்கும்.
பிறகு கடல் பக்கமிருந்து
எங்கள் சொந்த மேகங்கள்
கடன்காரர்களாய்த் திரும்பி வந்தன.

மாடியில் மெழுகுவர்த்தி.
கணக்குக்காரி எழுதட்டும் என்று
நோட்டை என் மடியில் போட்டார்கள்.
தேதியில் ஒரு சண்டை:
நள்ளிரவு தாண்டிவிட்டது,
இது புதன் என்றாள் ஓதிலியா.
புதனை இங்கே யார் பார்த்தது?
செவ்வாய் என்றே போட்டேன்.

வானத்தின் நிலை: மேகம்.
பார்த்தவை: மேகம், இரண்டு.